முதல் வரித் தீர்ப்பு

ஜொகூர் மாநிலத்திலேயே என்னைவிட வேகமாக மின்னஞ்சலை அழிக்கக்கூடியவன் இல்லை என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதை வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்தேன், கைதட்டு வாங்கினேன். ஓய்வு பெற்றபோது கொடுத்த பாராட்டுப் பத்திரத்தில் 'மின்னஞ்சல் நிர்வாகத்தில் வல்லவர்' என்று போட்டிருப்பதாகச் சொன்னார்கள். பத்திரத்தை நான் எங்கே பார்த்தேன்? வாசித்துக் காட்டியவர் சொன்னதுதான். அதில் வேறு ஏதாவது இருந்து, அவர் மரியாதைக்காக மாற்றி வாசித்திருந்தால் அவருக்கு என் நன்றி.

நீங்கள் புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். பார்வையற்றவர்களுக்கு நோட்டேக்கர் என்ற பிரெயில் கருவியைச் சொல்லிக்கொடுக்கும் வேலை. உங்களில் சிலருக்குக் கண் தெரியும், சிலருக்கு என்னைப் போலத் தெரியாது. எந்த விசையை அழுத்தினால் என்ன வரும் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. அந்தக் கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பதால்தான் நமக்குச் சம்பளமே வருகிறது. நான் சொல்லப்போவது ஒரே ஒரு மின்னஞ்சலைப் பற்றி.

கருவியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பிஸ்கட் டின் மூடி அளவு இருக்கும். திரை கிடையாது. மேலே பிரெயில் தட்டச்சு விசைகள். முன்விளிம்பில் ஒரே ஒரு வரி. அந்த வரியில் பதினெட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து. எழுத்துக்கு ஏற்றபடி குட்டிக் குட்டி ஊசிகள் மேலே எழும்பும், விரலால் தடவிப் படிக்க வேண்டும். ஒரு விசையைத் தட்டினால் அடுத்த பதினெட்டு. கண் உள்ளவருக்கு ஒரு பக்கம் ஒரே பார்வையில் வந்துவிடும். எங்களுக்கு உலகம் பதினெட்டுப் பதினெட்டாகத்தான் வரும்.

கருவி பேசவும் செய்யும். ஆனால் அது ஆங்கிலக் குரல். சிம்பாங் ரெங்கத்தை அது சொல்லும் அழகைக் கேட்டால் ஊர்க்காரர்கள் போலீசுக்குப் போவார்கள். தமிழில் யாராவது எழுதினால் வரிசையாகக் கேள்விக்குறி வாசிக்கும். அதனால் குரலை அணைத்துவிட்டு விரலால் படிப்பதே என் வழக்கம். என்னிடம் கற்றவர்களுக்கும் அதுவே வழக்கமானது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீன அம்மாள். அவருக்கும் பார்வை இல்லை. பகலில் கால்பிடித்துவிடும் கடையில் வேலை, மாலையில் எங்களுக்கு வகுப்பு. பெயரைச் சொல்ல வேண்டாம், சொன்னால் என்னைத் திட்டுவார். அந்த அம்மாள் வந்த மின்னஞ்சலையெல்லாம் கடைசி எழுத்து வரை படிப்பார். இளைக்க வைக்கும் தேயிலை விளம்பரம் வந்தால் அதையும் படிப்பார். படித்துவிட்டு, 'நன்றி, நான் ஏற்கெனவே ஒல்லி' என்று பதிலும் எழுதுவார்! எழுதியதும் அந்தத் தேயிலைக் கம்பெனி இன்னும் பத்து விளம்பரம் அனுப்பும். அதையும் படிப்பார்.

"ஏன் இப்படி நேரத்த வீணாக்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "யாரோ ஒருத்தன் உக்காந்து எழுதியிருக்கான் லா. படிச்சா உன் விரல் தேஞ்சிடுமா?"

நான் அதை நண்பர்களிடம் நகைச்சுவையாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பிறகு என் சொந்த முறையைக் கண்டுபிடித்தேன். அதற்கு நானே வைத்த பெயர், 'முதல் வரித் தீர்ப்பு'. தலைப்பின் முதல் வரி, அதாவது முதல் பதினெட்டு எழுத்து. அதைத் தடவு. வேண்டுமா, வேண்டாமா? அங்கேயே தீர்ப்பு. வேண்டாம் என்றால் உடனே அழி. அடுத்த பதினெட்டுக்குப் போகாதே. உள்ளே திறந்து பார்க்கவே பார்க்காதே.

'நிச்சயமாக அழிக்கவா?' என்று கருவி ஒவ்வொரு தடவையும் கேட்கும். அந்தக் கேள்வியையும் அணைத்து வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். அஞ்சல் பெட்டி அப்போதெல்லாம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால், கருவி ஒரு கடிதத்தை இறக்கிக்கொண்டதும் சர்வரில் இருக்கும் பிரதி போய்விடும்படி நானே எல்லாருக்கும் அமைத்துக் கொடுத்தேன். ஆக, எங்கள் கையில் அழிந்தால் அது உலகத்திலிருந்தே அழிந்தது. இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு பெருமிதம் வேறு. எமனுக்கு உதவியாளன் மாதிரி.

பார்வையுள்ள ஓர் அதிகாரி எங்கள் பயிற்சி மையத்துக்கு வந்தபோது அவரோடு போட்டி வைத்தார்கள். அவர் கணினியில் அவருடைய பெட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும், நான் கருவியில் என்னுடையதை. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் நான் முடித்துவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது என்று சொல்ல ஆசை. உண்மையில் நான் அதற்கு முன்பே கெட்டிருந்தேன்.

இனி பவானிக்கு வருகிறேன்.

சாஆ என்ற ஊர்ப்பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவரின் மகள். பிறவியிலேயே பார்வை இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர். பட்டத்தை வைத்துக்கொண்டு சிம்பாங் ரெங்கத்தில் ஒரு மேசை நாற்காலித் தொழிற்சாலையில் தொலைபேசி ஆப்பரேட்டராக இருந்தார். பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசை என்றால் சும்மா இல்லை. போன் இணைப்புகளுக்கு நடுவில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிரெயிலில் 'அ' எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யோசித்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்து வாதம் செய்வார். அந்த வேலைக்கு முன்பு விண்ணப்பித்துக் கிடைக்கவில்லை, இப்போது எங்கள் மையம் வழியாக மறுபடி விண்ணப்பித்திருந்தார். வயது வரம்பு உண்டு. இந்த முறை தவறினால் அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவர் வரம்பைத் தாண்டியிருப்பார். இது எனக்கும் தெரியும், மையத்தில் எல்லாருக்கும் தெரியும்.

பவானி என் வகுப்புக்கு வந்தபோது அந்தச் சீன அம்மாளைப் போலத்தான் படித்தார். கடைசி எழுத்து வரை. நான் விடுவேனா? "பவானி இன்னும் போன வருசத்து தீபாவளி வாழ்த்தையே படிச்சிட்டிருக்கு, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்பேன். வகுப்பே சிரிக்கும். அவரும் சிரிப்பார். கேலிக்கு இருக்கும் பலத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். கெட்டிக்காரப் பிள்ளை, கொஞ்ச நாளில் என் முறையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் என்னையே தோற்கடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்தக் கதையில் இன்னொருவர் காக் ரொஸ்னா. எங்கள் மையத்தின் எழுத்தர், மலாய்ப் பெண்மணி, காக் என்றால் அக்கா. நல்ல மனசு, ஆனால் யாராவது எதையாவது அனுப்பினால் அதை எல்லாருக்கும் திருப்பி அனுப்பாமல் இருக்க முடியாது. குவே பலகாரச் செய்முறை, வெள்ள எச்சரிக்கை, டுரியான் சாப்பிட்டுவிட்டு எதைக் குடிக்கக் கூடாது, இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும். இப்படித் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் தலைப்பின் முன்னால் 'எஃப் டபிள்யூ' என்று இரண்டு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்ளும். நான்கு கட்டம். எங்கள் வகுப்பில் இதற்கும் ஒரு சட்டம் போட்டிருந்தேன். விரலில் 'எஃப் டபிள்யூ' ஒன்றுக்கு மேல் தட்டுப்பட்டால் அது குப்பை. யோசிக்கவே வேண்டாம்.

ஒருநாள் மையத்தில் தேநீர் நேரம். எல்லாரும் இருந்தார்கள். நான் ஆரம்பித்தேன். "காக் ரொஸ்னாவுக்கு நாம நன்றி சொல்லணும். அவங்க மெயில அழிச்சு அழிச்சே என் ஆள்காட்டி விரலுக்குத் தசை வந்திருச்சு." எல்லாரும் சிரித்தார்கள். காக் ரொஸ்னா சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் இருந்த பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை. அதுவரை காலையில் என் மேசையில் அவர் வைத்துவிட்டுப் போகும் கரிபாப் பலகாரம் அடுத்த நாளிலிருந்து வரவில்லை. எனக்குப் புரிந்தது. ஆனால் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. வேடிக்கைக்குச் சொன்னதுதானே, அவராகச் சரியாகிவிடுவார் என்று இருந்துவிட்டேன்.

அதற்குச் சில நாள் கழித்து பவானி போன் செய்தார்.

"சார், பத்து பகாட் டவுன்ல என் கூட்டாளி இருக்கால்ல, அவளுக்குத் தெமுடுகா வந்திருச்சாம்."

தெமுடுகா என்றால் நேர்காணல். அதே பள்ளி வேலைக்கு. அந்தக் கூட்டாளியின் கணவருக்குக் கண் தெரியும், மின்னஞ்சலை அவர் போனில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

"சந்தோசம். ஒரு தே தாரேக் வாங்கித் தரச் சொல்லு."

"எனக்கு வரலியே சார்."

"வரும்மா. பத்து பகாட் முன்னாடி, சாஆ பின்னாடி. பஸ்ஸே நமக்கு அப்படித்தானே வருது."

சிரித்தார். பிறகு, "காக் ரொஸ்னாகிட்ட ஒரு வார்த்த கேக்கட்டுமா சார்?" என்றார்.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் நில்லுங்கள். என் வேலைக்காலம் முழுவதிலும் நான் எடுத்த முடிவுகளில் மிக மோசமானது இங்கேதான் இருக்கிறது. அது ஒரு விசையைத் தட்டும் முடிவுகூட இல்லை. கேட்கட்டுமா என்று ஒரு பெண் கேட்கிறார். கேள் என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் காக் ரொஸ்னாவிடம் கேட்பது என்றால், 'நீங்கள் அனுப்பியதில் எதையாவது நாங்கள் தவறவிட்டோமா' என்று கேட்பது. கரிபாப் நின்றுபோன பிறகு அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வரவில்லை என்பதற்காக பவானியையும் கேட்க விடவில்லை.

"வேணாம்மா. நச்சரிக்கிற ஆளுன்னு நெனச்சிருவாங்க."

"கேட்டா தப்பா சார்?"

"தப்பில்ல. அனுப்பியிருந்தா உனக்கு வந்திருக்கும். வந்திருந்தா நீ பாத்திருப்ப. என் வகுப்புலயே நீதானே நம்பர் ஒன்னு?"

"சரி சார்," என்றார். அந்தச் 'சரி சார்' இன்னும் என் காதில் இருக்கிறது. வேறு எத்தனையோ குரல்கள் மறந்துவிட்டன.

அடுத்த வாரம் காக் ரொஸ்னா என் மேசைக்கு வந்து நின்றார். அவருடைய வளையல் சத்தம் எனக்குத் தெரியும். அன்று அது நிற்காமல் சத்தம் போட்டது.

"சிக்கு," என்றார். மலாயில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பவானி ஏன் பதில் எழுதல? கல்வித் துறையிலேர்ந்து போன் வந்துச்சு. ஒவ்வொருத்தரும் வர்றேன்னு எழுதணுமாம். எழுதாதவங்க விலகிட்டாங்கன்னு அர்த்தமாம். நேத்தோட முடிஞ்சுது."

"எதுக்குப் பதில்?"

"தெமுடுகா கடிதத்துக்கு."

"அப்படி ஒண்ணு வரவே இல்லியே காக்."

"நான் அனுப்பினேனே! பவானிக்கு அனுப்பினேன். உங்களுக்கும் அனுப்பினேன், சிக்கு. நீங்க அவளோட ஆசிரியர், ரெண்டு பேர் பார்த்தா நல்லதுன்னு."

"எனக்குமா?" என்றேன். "வரல."

அவர் தன் கணினிக்குப் போய் அனுப்பிய கடிதங்களில் தேடி, தலைப்பை வாசித்தார். எங்கள் மையம் வழியாக விண்ணப்பித்தவர்களுக்கு அழைப்பும் மையம் வழியாகத்தான் வரும். துறை மாநிலத்துக்கு எழுதியது. மாநிலம் மாவட்டத்துக்குத் திருப்பியது. மாவட்டம் எங்கள் தலைவருக்கு. தலைவர் காக் ரொஸ்னாவுக்கு. காக் ரொஸ்னா எங்கள் இருவருக்கும். நான்கு கைமாற்றம். அவர் வாசித்தார்: "எஃப் டபிள்யூ, எஃப் டபிள்யூ, எஃப் டபிள்யூ, எஃப் டபிள்யூ, பங்கிலான் தெமுடுகா." நேர்காணல் அழைப்பு.

நான்கு முறை நான்கு, பதினாறு கட்டம். பதினெட்டில் மிச்சம் இரண்டு. அந்த இரண்டில் நிற்பது 'பங்கிலா'னின் முதல் இரண்டு ஆங்கில எழுத்து. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை விளம்பரத்துக்கும் அதே இரண்டு எழுத்துதான். நான் அந்த வரியைத் தடவியிருக்கிறேன். நினைவில்லை, ஆனால் தடவியிருக்கிறேன். வரி நிறைய எஃப் டபிள்யூ, காக் ரொஸ்னாவாகத்தான் இருக்கும். குப்பை என்று தீர்ப்பெழுதி, என் புகழ்பெற்ற வேகத்தில் அழித்திருக்கிறேன். சிம்பாங் ரெங்கத்தில் என் நம்பர் ஒன் மாணவியும் அதையே செய்திருக்கிறார், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒரு பிசகும் இல்லாமல்.

"திரும்ப அனுப்புங்க காக்," என்றேன். அனுப்பினார். கருவியில் விரலை வைத்தேன். இப்போது எஃப் டபிள்யூ ஐந்து. அந்த இரண்டு எழுத்தும் இல்லை.

"நான் போன் பண்ணிச் சொல்லியிருக்கணும்," என்றார் காக் ரொஸ்னா. "எப்பவும் போன் பண்ணுவேன். ஆனா என் மெயிலே தொந்தரவுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே. போன் வேற பண்ணணுமான்னு விட்டுட்டேன், சிக்கு."

கருவியை அணைத்துப் பைக்குள் வைத்தேன். வாயாடிக்கு அப்படி ஒரு நாள் வரும்.

பவானியிடம் நான்தான் சொன்னேன். அவர் அழவில்லை. "அப்போ வந்துச்சா சார்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு ஜொகூர் பாருவுக்கு பஸ் ஏறி வந்தார். இருவரும் ஒரு வாடகைக் காரைப் பிடித்து அந்தத் துறையின் அலுவலகத்துக்குப் போனோம். இரண்டு வெள்ளைக்கோல், ஒரு கார். ஓட்டுநர் தம்பி எங்களை வாசலிலேயே கொண்டுபோய் விட்டான், பாவம், படியிலும் ஏற்றிவிட்டான்.

காரில் நான் பவானியிடம் மெதுவாகச் சொன்னேன். "வரலன்னு சொல்லிடும்மா. வரலன்னா அவங்கதான் திரும்பக் கூப்பிடணும்."

"பொய்யா சார்?"

"பொய் இல்லம்மா. தெரியாம வந்தது வராத மாதிரிதானே?"

பவானி கோலை மடக்கி விரித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி, மலாய் மரியாதையில் துவான், நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட வேண்டும். கெட்ட மனிதராக இருந்தால் எனக்கு இந்தக் கதை சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். தண்ணீர் வரவழைத்தார். பேரெல்லாம் கேட்டுவிட்டு, மலாயில் கேட்டார்: "மின்னஞ்சல் உங்களுக்கு வந்ததா, வரவில்லையா? வரவில்லை என்றால் நான் மேலே எழுதிப் பார்க்கலாம்."

எங்களுக்கு ஒரு வழி திறந்திருந்தது. நான் பவானியின் பக்கம் திரும்பினேன்.

"வந்தது, துவான்," என்றார் பவானி. "நான் அழித்துவிட்டேன்."

"படிக்காமலா?"

"படிக்காமல்."

அந்த மனிதர் யோசிக்கிறார் என்று தெரிந்தது. பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். இப்படி வந்து உண்மையைச் சொல்கிற பெண்ணை என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை. என்னைப் பற்றி பவானி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது என் முறை, நான் சொல்லிக்கொடுத்தது, இந்தப் பெண்ணின் கையில் எழும்பிய வரியில் அந்த அழைப்பு இருக்கவே இல்லை, தொட்டுப் பாருங்கள் என்று கருவியை அவர் மேசையில் வைத்துக் காட்ட வேண்டியவன் நான். கருவி என் பையில்தான் இருந்தது.

ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் நகைச்சுவை வரும்.

"துவான், ஜொகூரிலேயே வேகமான விரல் இவங்களுக்குத்தான்," என்றேன். "மெயில் மட்டும் இல்லை, சொந்த வாழ்க்கையையே ஒரே தட்டில் அழிச்சிடுவாங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். பேனா தட்டும் சத்தம் நின்றது. கோப்பு மூடும் சத்தம் கேட்டது. அவர் யோசித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்றிலிருந்து என் சிரிப்பு அவரை விடுவித்துவிட்டது. "அடுத்த முறை கவனமாக இருங்கள், சரியா?" என்று அன்பாகச் சொன்னார். பவானி நன்றி சொன்னார். அடுத்த முறை கிடையாது என்பதை அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நான் அப்போதும் சிரிப்பின் கடைசிப் பகுதியில் இருந்தேன்.

லார்கின் பஸ் நிலையத்தில் பவானியை ஏற்றிவிடக் காத்திருந்தோம். டிக்கெட் விற்பவர்கள் குளுவாங், செகாமாட் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சாப்பிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பஸ் வந்ததும் எழுந்து நின்று சொன்னார்.

"நான் சொன்னப்ப அந்த துவான் சிரிக்கல சார். நீங்க சொன்னப்பதான் சிரிச்சாரு."

அவ்வளவுதான். ஏறிப் போய்விட்டார்.

பவானி இன்னும் அதே தொழிற்சாலையில் இருக்கிறார். போனை எடுக்கிறார், இணைக்கிறார். ஆளுக்குப் பதில் இயந்திரமே பதில் சொல்லும் ஏற்பாடு அங்கே வரப்போவதாகப் பேச்சு. அந்தப் பள்ளியில் யார் சேர்ந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ'வை எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவர் யோசித்து வைத்திருந்ததெல்லாம் அவரிடமே இருக்கிறது. யாருக்கும் பயன்படாமல்.

இதில் என்னைத் தூங்கவிடாதது பவானி மட்டும் இல்லை. பவானியின் விஷயம் எனக்குத் தெரிய வந்தது, காக் ரொஸ்னா வந்து நின்றதால். தெரியாமல் போனவை? கோத்தா திங்கியிலிருந்து மூவார் வரை என்னிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் இதே முறை. அவர்கள் என்னென்ன அழித்தார்கள்? அழித்தது என்னவென்று அழித்தவருக்கே தெரியாது. சர்வரில் பிரதி கிடையாது. 'நிச்சயமாகவா' என்ற கேள்வியும் கிடையாது. யாருக்கோ ஒரு வேலை வராமல் போயிருக்கும், யாரோ ஓர் அண்ணன் பல வருடம் கழித்து எழுதிப் பதில் வராமல் போனதே என்று கோபித்துக்கொண்டிருப்பார், அவர்கள் எல்லாரும் விதி என்று நினைத்திருப்பார்கள். விதி இல்லை. நான்.

திருத்திக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். அந்த முறையை விட்டுவிடுங்கள் என்று, விளக்கமாக, பணிவாக. அனுப்பி முடித்த பிறகுதான் உறைத்தது. என் மாணவர்கள். முதல் வரி. நீளமான கடிதம் அனுப்பும் பழைய வாத்தியார். ஒரே ஒரு பதில் வந்தது. அதுவும் 'நான் விடுப்பில் இருக்கிறேன்' என்று இயந்திரம் அனுப்பியது. நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், பாருங்கள்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. 'நிச்சயமாகவா' என்று கருவி கேட்டால் கேட்கட்டும், அதை அணைக்காதீர்கள். சர்வரில் பிரதி இருக்கட்டும், பெட்டி நிரம்பினால் நிரம்பட்டும். வரியின் முடிவு வரை விரலைக் கொண்டுபோகச் சொல்லுங்கள், அதன் பிறகு அடுத்த வரிக்கும். வேகமாகப் படிக்கிறவரைப் பார்த்துக் கைதட்டாதீர்கள். உங்களிடம் ஒருவர் 'கேட்கட்டுமா' என்று கேட்டால், உங்களுக்கு யாரோடு என்ன சண்டை இருந்தாலும், கேள் என்று சொல்லுங்கள். இதையெல்லாம் செய்தாலும் தவறு நடக்காது என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். என் உறுதிக்கு என்ன மதிப்பு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு பவானிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எழுத ரொம்ப நாள் எடுத்துக்கொண்டேன். அந்த அலுவலகத்தில் நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் எழுதினேன். முறை என்னுடையது, கேட்க வேண்டாம் என்று தடுத்தது நான், பொய் சொல்லச் சொன்னது நான், சிரித்தது நான். மன்னித்துவிடு என்று கேட்டேன். ஆனால் நேரடியாக அதில் தொடங்க எனக்கு வரவில்லை. வழக்கமான வியாதி. தலைப்பில், 'உலகப் புகழ் முட்டாளின் உல்லாசக் கடிதம்' என்கிற மாதிரி ஒரு வேடிக்கையை ஆங்கில எழுத்தில் தமிழாகப் போட்டேன். முதல் பத்தியும் வேடிக்கை. மன்னிப்பு மூன்றாம் பத்தியில் இருந்தது.

பதில் வரவில்லை. ஒரு மாதம் போல பொறுத்தேன். பிறகு ஒரு காலை வேளையில் அந்தத் தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். பவானிதான் எடுத்தார். செலாமாட் பாகி, குட் மார்னிங் என்று அந்தப் பழகிய குரலில் சொல்லிவிட்டு, யாரோடு பேச வேண்டும் என்று கேட்டார்.

"பவானி, நான்தாம்மா."

மறுமுனையில் இன்னொரு இணைப்பு அடித்துக்கொண்டிருந்தது.

"உனக்கு ஒரு மெயில் போட்டிருந்தேனே. வந்துச்சாம்மா?"

"வந்துச்சு சார். மொத வரியிலயே அழிச்சிட்டேன்."